கீறலின் திசை

1991 அக்டோபரில், விக்கிரவாண்டிக்குச் சற்று முன்னால், ஒரு லாரி அப்பாவின் காரை உரசியது. 2024 நவம்பரில், பெருங்களத்தூரில், ஒரு வேன் என் காரை உரசியது. இரண்டும் ஒரே சாலை. அன்று அது என்.எச். 45, இருவழி. முந்துவதென்றால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இன்று சாலையின் எண்ணே வேறு. நடுவில் அரளிச்செடி வைத்த நால்வழி, விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடி. இரண்டு விபத்திலும் தப்பு எங்கள் மேல் இல்லை. இரண்டிலும் யாருக்கும் அடிபடவில்லை. இரண்டிலும் இன்சூரன்ஸ் பணம் வந்து சேர்ந்தது. மற்றதெல்லாம் மாறிவிட்டது.

அப்பாவுக்கு விழுப்புரத்தில் மருந்துக்கடை. வண்டி, 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. இரண்டாம் கையாக வாங்கியது. திண்டிவனத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பும்போது பின்னால் வந்த லாரி முந்தியது. எதிரே திருவள்ளுவர் பஸ் வந்துவிட, லாரிக்காரர் பாதி முந்திய நிலையிலேயே இடப்பக்கம் ஒடித்தார். பத்மினியின் வலப்பக்கக் கதவு, முன் மட்கார்டு, கண்ணாடி, ஹெட்லைட் எல்லாம் போயின. லாரி ஐம்பதடி தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வந்தார் என்று அப்பா சொல்வார். ஓடிப் போய்விடவில்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் அங்கே நடந்தது ஒரு பஞ்சாயத்து. டீக்கடைக்காரர், கரும்பு வெட்டிக்கொண்டிருந்த நாலு பேர், வழியில் பைக்கை நிறுத்திய ஒரு வி.ஏ.ஓ. ஆளுக்கொரு தீர்ப்பு. 'பஸ்ஸைப் பார்த்தும் ஏறினது லாரிதான்' என்றது ஒரு கட்சி. 'கார்க்காரர் கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம்' என்றது இன்னொன்று. கடைசியில் ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு தார்ச்சாலையை அடி வைத்து அளந்து, குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டி, முதல் கட்சி சொன்னதே சரி என்றார். அப்பா அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் சொன்ன முதல் வாக்கியம், 'தப்பு நம்ம மேல இல்லைன்னு ஆயிடுச்சு.' கார் என்ன ஆயிற்று என்பதைப் பிறகுதான் சொன்னார்.

பெருங்களத்தூரில் எனக்கு நடந்ததற்குப் பிடித்த நேரம் நான்கு நிமிடம். சிக்னல் விழுந்து வண்டிகள் நகரத் தொடங்கியபோது இடப்பக்க இடுக்கில் நுழைந்த வேன், என் பின்கதவையும் பம்பரின் ஓரத்தையும் இழுத்துக்கொண்டு போய் நின்றது. ஓட்டியவனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். கண்ணாடியை இறக்கி, 'அண்ணா, ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குல்ல? க்ளெய்ம் பண்ணிக்கங்க அண்ணா' என்றான். குரலில் திமிர் இல்லை. வழி தெரியாதவருக்கு வழி சொல்லும் குரல் அது. பின்னால் ஹார்ன்கள் அடித்தன. அவன் வண்டி எண்ணையும் என் கதவையும் சேர்த்தும் தனித்தனியாகவும் 23 படங்கள் எடுத்தேன். அதற்குள் அடுத்த பச்சை விழுந்துவிட்டது. அவன் போனான், நானும் போனேன். பஞ்சாயத்துக்கு யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்கே எரிச்சலாக இருந்திருக்கும்.

அன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்வதென்றால் கடிதம். விழுப்புரத்தில் டைப்பிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தவரிடம் போய் ஆங்கிலத்தில் மூன்று பத்தி அடித்து, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார் அப்பா. எட்டு நாள் கழித்துப் படிவம் வந்தது. அதில் ஒரு முழுப் பக்கம் வெறும் கட்டம். விபத்து நடந்த விதத்தை வரைபடமாகக் காட்டவும் என்று மேலே அச்சிட்டிருந்தது. என் ஜியோமெட்ரி பாக்ஸை வாங்கி, ஸ்கேல் வைத்து, காரைச் சின்னச் செவ்வகமாகவும் லாரியைப் பெரிய செவ்வகமாகவும் பஸ்ஸைப் புள்ளிக்கோட்டிலும் வரைந்தார். அம்புக்குறிகள் போட்டார். டீக்கடையைக்கூடக் குறித்தார். இன்று என் செல்போன் செயலி 'விபத்தின் வகை' என்று கேட்டு ஒரு பட்டியலை விரித்தது. 'நகரும் வாகனத்துடன் மோதல்' என்பதைத் தொட்டேன். விவரம் எழுத ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நாலு வரி எழுதினேன். அதை யாரும் படித்ததற்கான தடயம் பிறகு எங்கும் தென்படவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் க்ளெய்ம் எண் குறுஞ்செய்தியாக வந்துவிட்டது. அப்பாவுக்கு அந்த எண் கிடைக்க 19 நாள் ஆயிற்று.

அந்தக் காலத்துக் கம்பெனி என்றால் நான்கில் ஒன்று. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு முழுவதும் அரசுடைமை. 107 கம்பெனிகள் நான்காகச் சேர்க்கப்பட்டன. அவற்றில் ஒன்றின் தலைமையகம் சென்னை. எதில் எடுத்தாலும் பிரீமியம் ஒன்றுதான், ஏனென்றால் கட்டண அட்டவணை ஒன்றுதான். ஆகவே எந்தக் கம்பெனி என்று யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. எந்த டெவலப்மென்ட் ஆபீசரைத் தெரியுமோ அவருடைய கம்பெனி நம் கம்பெனி. அப்பாவுக்குத் தெரிந்தவர் கடையில் இருமல் மருந்து வாங்க வருபவர். கவர் நோட்டைத் தன் பையிலிருந்தே கிழித்துக் கொடுப்பார். 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகள் வந்தன. 2007 ஜனவரியில் சொந்தச் சேதத்துக்கான கட்டண அட்டவணை எடுக்கப்பட்டது. இன்று ஒரே காருக்கு, ஒரே நாளில், பத்துத் தொகைகள் திரையில் வரிசை கட்டி நிற்கின்றன. அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டும் இன்னமும் அரசு நிர்ணயிப்பது: 1,000 சி.சி.க்கு மேல் 1,500 வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். 2022 ஜூனிலிருந்து அதே தொகை. ஒப்பிட்டு வாங்கும் வசதி கிடைத்தது. இருமல் மருந்து வாங்க வரும் ஆள் போய்விட்டார்.

சர்வேயர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் எட்டாம் வகுப்பு. பாண்டிச்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்தார். மெலிந்த மனிதர், கழுத்தில் கேமரா. பாய் பட்டறையில் நிறுத்தியிருந்த பத்மினியை ஒரு சுற்றுச் சுற்றினார். படம் எடுத்தது நாலே நாலு. ஃபிலிம் ரோலில் 36 படம், அதற்குள் இன்னும் எத்தனையோ வண்டிகள். பிறகு கேமராவை மூடிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கதவின் கீறலை ஆள்காட்டி விரலால் நீவினார். நீலப் பெயிண்ட் விரலில் ஒட்டியது. கதவின் பின்பக்கம் கீறல் மெலிதாகத் தொடங்கி, முன்னால் போகப் போக ஆழமாகி, மட்கார்டில் தகடு முன்னோக்கிச் சுருண்டு நின்றது. 'சார், நீங்க அவனை இடிக்கலை. அவன்தான் உங்களை விட வேகமா வந்து ஏறியிருக்கான். கீறல் பின்னாலேர்ந்து முன்னால போகுது பாருங்க' என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. என் தோளைப் பிடித்து, நீயும் பார் என்பதுபோலக் கதவுப் பக்கம் திருப்பினார்.

அந்த வாக்கியத்தால் அப்பாவுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சொந்தச் சேதப் பாலிசிக்கு யார் தப்பு என்பது பொருட்டே அல்ல. தப்பு நம்முடையதாக இருந்தாலும் அதே பணம். இல்லாவிட்டாலும் அதே பணம். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். சட்டப்படி 20,000 ரூபாய்க்குக் குறைவான சேதத்துக்கு உரிமம் பெற்ற சர்வேயர் வர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் அனுப்பினார்கள், வேறு எப்படிப் பார்ப்பது?

பாய் கொடுத்த எஸ்டிமேட் 11,850 ரூபாய். சர்வேயர் ஒப்புக்கொண்டது 7,400. 'பதிமூணு வருஷத்து வண்டி. புதுப் பாகத்துக்கு முழுசாத் தர முடியாது சார்.' கதவை மாற்ற அனுமதி இல்லை, டிங்கரிங்தான். பாய் கதவின் உள்பக்கம் இரும்புக்கட்டையை வைத்து, வெளிப்பக்கம் மரச்சுத்தியால் நாள் முழுக்கத் தட்டினார். பிறகு பட்டி பார்த்து, தேய்த்து, ஸ்ப்ரே அடித்தார். ஹெட்லைட் வளையத்துக்காக அப்பா சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு வரை போய், கிடைக்காமல், புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்கி வந்தார். உடைந்த பாகங்களைச் சாக்கில் கட்டிப் பட்டறை மூலையில் வைத்திருக்க வேண்டும்; சால்வேஜ், கம்பெனிக்குச் சொந்தம். எடுத்துப் போக யாரும் வரவில்லை. ரொம்ப நாள் கழித்து பாய் அதைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டதாக ஞாபகம்.

அன்றைய பில்லில் பெரும்பங்கு கூலி. இன்றைய பில்லில் பெரும்பங்கு பாகம். என் காரின் பம்பர் பிளாஸ்டிக். அதைத் தட்டி நிமிர்த்த முடியாது; அதற்குள் இருக்கும் சென்சாரைத் தட்டவே கூடாது. சர்வீஸ் சென்டரில் ஒரு இளைஞர் செல்போனைக் காருக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தார். மறுமுனையில், எந்த ஊர் என்று தெரியாத ஒரு குரல், 'கொஞ்சம் லெஃப்ட்... ஜூம் பண்ணுங்க... போதும்' என்றது. அதுதான் சர்வே. மோட்டார் க்ளெய்மில் உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயம் என்ற வரம்பு இப்போது 50,000 ரூபாய். என் பில் 46,800. கம்பெனி 44,900 ரூபாயை சர்வீஸ் சென்டருக்கே நேராகக் கட்டியது. நான் கட்டியது 1,900: 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு க்ளெய்மிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய 1,000 ரூபாய், மற்றது ஆயில், கிளிப், ஸ்க்ரூ என்று பாலிசியில் சேராதவை. மொத்தம் ஒன்பது நாள்.

அப்பாவுக்கு ஏழு மாதம். பாய்க்கு முதலில் கையிலிருந்து கொடுத்துவிட்டு, ரசீதுகளைச் சேர்த்து அனுப்பி, காத்திருந்தார். எஃப்.ஐ.ஆர். நகல் என்று கொடுத்தது மூன்றாவது கார்பன். கம்பெனியில் 'படிக்க முடியலை, வேற வாங்கிட்டு வாங்க' என்றார்கள். வேறு வாங்கப் போனபோது ஸ்டேஷன் ரைட்டர் மாறியிருந்தார். கடலூரில் இருந்த கோட்ட அலுவலகத்துக்கு ஆறு முறை பஸ் ஏறினார். அப்போது விழுப்புரம் தனி மாவட்டமில்லை, தென்னார்க்காட்டில்தான் இருந்தது. ஆறாவது முறை டெவலப்மென்ட் ஆபீசர் கூட வந்தார். அன்றைக்குத்தான் ஃபைல் மேசை மாறியது. ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டு, 1992 மே மாதம் 7,150 ரூபாய்க்குச் செக் வாங்கினார். யாரையும் தெரியாதவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அப்பாவே சொல்லியிருக்கிறார். மனிதர்கள் முகம் பார்த்துப் பேசிய காலம் என்று அந்த நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அந்த பெஞ்சையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதன் பிறகு ஏழு நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 ஜூன் சுற்றறிக்கை சொல்கிறது. மறுத்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 1998-இல் ஏற்பட்ட பதவி, கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். கதவு, பம்பர், விளக்குகளுக்குத் தேய்மானம் கழிக்காமல் முழுத் தொகை தரும் பாலிசியும் இன்று உண்டு. அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி கழியும். உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும், பத்து வயதுக்கு மேல் பாதி. நம் ஊரில் இந்தத் தேய்மானமில்லாப் பாலிசிக்கு ஷோரூம்காரர்கள் வைத்த பெயர் 'பம்பர் டு பம்பர்'. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புதிய வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு 'பம்பர் டு பம்பர்' கட்டாயம் என்று உத்தரவிட்டது. நீதிமன்றம் மனதில் வைத்தது ஓட்டுநர், பயணி, உரிமையாளர் எல்லோரையும் காக்கும் பாலிசி. சந்தை அந்தச் சொல்லால் குறித்தது தகட்டையும் பிளாஸ்டிக்கையும். சில வாரங்களில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. காப்பீட்டில் ஒரு சொல்லுக்கு ஷோரூமில் ஒரு பொருளும் கோர்ட்டில் இன்னொரு பொருளும் இருப்பது புதிதல்ல. இந்த முறை மாநிலமே கவனித்தது.

ஒன்பது நாளில் வேலை முடிந்த மகிழ்ச்சி அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது சற்றுக் குறைந்தது. க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு: முதல் ஆண்டுக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50. நான்கு ஆண்டு க்ளெய்ம் இல்லாமல் 45-இல் இருந்தேன். ஐம்பதுக்குப் போயிருக்க வேண்டியவன் பூஜ்யத்துக்கு வந்தேன். 4,650 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் 9,300. அடுத்த ஆண்டு 20-இலிருந்து மறுபடி ஏற வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டு, 'இடித்தது நானில்லையே' என்றேன். அந்தப் பெண் மிகப் பொறுமையாக, 'இது நோ க்ளெய்ம் போனஸ் சார், நோ ஃபால்ட் போனஸ் இல்லை' என்றாள். பதில் சரியானது. இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை. ஃபோனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

இடித்தவனிடமே வாங்க முடியாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியும், வழி முப்பது ஆண்டாக அதேதான். அவனுடைய தேர்ட் பார்ட்டி பாலிசி பிறர் சொத்துக்கு நேரும் சேதத்தையும் தாங்கும். அப்பா காலத்தில் அதற்குச் சட்டம் வைத்த வரம்பு 6,000 ரூபாய். இன்று 7.5 லட்சம் வரை தாங்கும், உரிமையாளர் பிரீமியத்தில் சின்னச் சலுகைக்காக அதைப் பழைய 6,000-க்கே குறைத்துக்கொள்ளாத வரை. ஆனால் அந்தப் பணத்தைக் கம்பெனிக்குக் கடிதம் எழுதி வாங்க முடியாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட்டு, தப்பு அவனுடையது என்று நிரூபிக்க வேண்டும். தப்பு யார் மேல் என்ற கேள்வியைச் சட்டம் இன்னமும் கேட்கும் இடம் அது. கதவுக்கும் பம்பருக்கும் யார் அங்கே போய் வாய்தா வாங்குவது? அப்பாவும் போகவில்லை, நானும் போகவில்லை.

அடிபட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பாயம்தான் எல்லாம். அவர்களுக்கு நடந்த மாற்றம் என் கதவுக்கு நடந்ததைவிடப் பெரியது. தப்பு யாருடையது என்று பார்க்காமலே உடனடியாகக் கொடுக்க வேண்டிய தொகை, உயிரிழப்புக்கு 1982-இல் 15,000 ரூபாய், 1988 சட்டத்தில் 25,000, 1994-இல் 50,000, 2019 திருத்தத்தில் 5 லட்சம். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அன்று 8,500. 2022 ஏப்ரலிலிருந்து 2 லட்சம். அன்று வக்கீல் குமாஸ்தாக்கள் எஃப்.ஐ.ஆருக்கும் ரஃப் ஸ்கெட்சுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் ரிப்போர்ட்டுக்கும் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார்கள்; அரசு மருத்துவமனை வாசலிலேயே கேஸ் பிடிக்கும் ஆட்கள் நின்றார்கள். இன்று அந்த ஆவணங்களைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் பணம் கட்டி இறக்கிக்கொள்ளலாம். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் போலீஸே தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022 முதல் விதி. விபத்து விவரங்களைப் பதிவு செய்ய நாடு முழுவதும் பயன்படும் தரவுத்தளத்தை வடிவமைத்தது சென்னை ஐ.ஐ.டி. புதிய கார் வாங்கும்போதே மூன்று ஆண்டு தேர்ட் பார்ட்டி பாலிசி எடுக்க வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில். உடைந்த எலும்புகளை வருடக்கணக்கில் சேர்த்துப் பார்த்தவருக்கு, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியால் அடிபட்டவரின் குடும்பம் என்ன ஆகும் என்பது தெரிந்திருக்கும்.

எல்லாமே முன்னால் போனது என்றும் சொல்ல முடியாது. 1988 சட்டம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்றது. கட்டிலில் கிடப்பவரால் அது முடியவில்லை என்று கண்டு, 1994-இல் அந்த வரம்பை எடுத்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அதே ஆறு மாதம் திரும்பி வந்திருக்கிறது. எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் உள்ளன. இதற்கு மட்டும் அன்று இன்று என்று பிரிக்க இடமில்லை.

அதே சாலையில், விக்கிரவாண்டிக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே மேல்மருவத்தூர். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசே செலவு ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் அங்கேதான் தொடங்கியது. 1991-இல் அந்தச் சாலையில் அடிபட்டால் போகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்த வேண்டும். பின் சீட்டில் ரத்தம் படிந்தால் போலீஸ் கேஸாகும் என்று பயந்து பாதி வண்டிகள் நிற்காது. 108 வந்ததே 2008-இல். பத்மினியின் கதவோடு போயிற்று என்று அப்பா எதற்காகக் கோயிலில் தேங்காய் உடைத்தார் என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

லாரியின் கதை ஒரு மாதம் கழித்து முடிந்தது. சங்ககிரியிலிருந்து அதன் சொந்தக்காரர் கடைக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை. 'தப்பு நம்ம ஆளு மேலதானுங்க' என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். 1,500 ரூபாய் கொடுத்தார், கேஸைப் பெரிதாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் வந்தது அதற்காகத்தான் என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் காபி வரவழைத்தார். வேன் ஓட்டிய பையனோ என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவன் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து யாரும் கூப்பிடவுமில்லை. நானும் அவன் பெயரைக் கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்பாவுக்கு இப்போது எண்பத்தொன்று. கார் வந்த மறுநாள் விழுப்புரம் போயிருந்தேன். வாசலுக்கு வந்து பார்த்தார். கதவு புதிது, பம்பர் புதிது. எங்கே இடித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை அவரால்.

'எவ்வளவு ஆச்சு?'

சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டார், அதையும் சொன்னேன். 'ஒம்போது நாளா!' என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு, 'யார் மேல தப்புன்னு எழுதிக்கிட்டாங்களா?' என்றார்.

'அதெல்லாம் கேக்கறதில்லப்பா.'

'சர்வேயர் வந்து பார்த்தாரா?'

'வீடியோல பார்த்தாங்க.'

திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'போட்டோ வச்சிருக்கியா?' என்றார். செல்போனைத் திறந்து அந்த 23 படங்களில் கதவு தெரியும் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக்கத் தெரியாமல் திரையைத் தட்டினார். இரண்டு விரலால் விரித்துக் காட்டினேன். வெள்ளைப் பெயிண்ட் இழுவி நின்ற கீறலின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து, பின்பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் நகர்த்தினார். படம் நழுவி அடுத்த படம் வந்துவிட்டது. திரும்ப எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.